சில கெட்ட வார்த்தைகள் மட்டும் ஏன் அவ்வளவு கெட்டவை?

மருத்துவர் 'மலம்' என்பார். தாய் குழந்தையிடம் 'ஆய் போனியா?' என்று கேட்பாள். பரிசோதனைக்கூடத்தில் 'மோஷன்' என்பார்கள். நான்காவதாக இன்னொரு சொல் இருக்கிறது: பீ. நான்கும் குறிப்பது ஒன்றைத்தான். முதல் மூன்றையும் யார் முன்னாலும் சொல்லிவிடலாம். நான்காவதை ஒருவர் மேடையில் மைக் முன்னால் நின்று சொன்னால் கூட்டம் நெளியும். சிலர் சிரிப்பார்கள், சிலர் முகம் சுளிப்பார்கள்.

ஒரு சொல் ஏன் கெட்ட வார்த்தை ஆகிறது என்று யோசிக்கப் புகுகிறவர்கள் முதலில் கைவிட வேண்டிய எண்ணம், அசிங்கமான பொருளைக் குறிப்பதால்தான் சொல் அசிங்கமாகிறது என்பது. அப்படி இருந்தால் மேலே சொன்ன நான்கும் ஒரே அளவு கூச வைத்திருக்க வேண்டும். அந்தச் சொல்லைச் சுற்றி ஒரு சமூகம் போட்டு வைத்திருக்கும் வேலியில்தான் கூச்சம் இருக்கிறது. வேலியை யார் போட்டார்கள், எவ்வளவு உயரமாகப் போட்டார்கள், எத்தனை பேர் தாண்டித் தாண்டி மிதித்துவிட்டார்கள் என்பதைப் பொறுத்தே ஒரு வசவு லேசாகவும் இன்னொன்று தாங்க முடியாததாகவும் ஆகிறது.

நம் இலக்கணக்காரர்களுக்கு இது எப்போதோ தெரியும். 'அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்' என்கிறது தொல்காப்பியம். நாலு பேர் கூடிய இடத்தில் சொல்லக் கூடாத சொல்லை மறைத்துச் சொல்ல வேண்டும் என்பது பொருள். பிற்கால இலக்கணங்கள் இதற்கு இடக்கரடக்கல் என்று பெயர் வைத்தன. தொல்காப்பியர் விதி சொன்னதோடு நிற்கவில்லை, செய்தும் காட்டியிருக்கிறார். பசுவைக் குறிக்கும் 'ஆ'வோடு 'பீ' சேர்ந்தால் 'ஆப்பி' என்று குறுகும். இதற்கு எழுத்ததிகாரத்தில் புணர்ச்சி விதி எழுத வேண்டும். ஆனால் அந்தச் சொல்லை எழுத்தில் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. 'ஆன்முன் வரூஉம் ஈகார பகரம்' என்று எழுதிவிட்டுப் போகிறார். ஈகாரம் ஏறிய பகரமாம். படிக்கிறவன் தானே கூட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். இன்று ஆங்கில வசவு ஒன்றை 'எஃப் வேர்டு' என்று நாசூக்காகச் சொல்பவர்களும், நடு எழுத்துக்குப் பதில் நட்சத்திரக் குறி போடும் பத்திரிகைகளும் செய்வது அச்சு அசலாக இதே வேலை.

அதற்கு அடுத்த நூற்பா இன்னும் கூர்மையானது. 'மறைக்கும் காலை மரீஇயது ஒராஅல்.' புழங்கிப் புழங்கிப் பழகிப்போனதை மறைக்க வேண்டாம் என்கிறது. 'ஆப்பி', 'யாட்டுப் பிழுக்கை' போன்றவற்றை உரைகாரர்கள் உதாரணம் காட்டுகிறார்கள். வசவுகளைப் பற்றி இன்றைய மொழியியல் சொல்கிற இரண்டு பெரிய விஷயங்கள் இந்த இரண்டு வரியிலேயே இருக்கின்றன. ஒரு சொல்லைக் கெடுப்பது அதைக் கேட்கிற அவை. சொல்லின் கூச்சத்தைத் தேய்ப்பது புழக்கம்.

புழக்கம் எதிர்த்திசையிலும் வேலை செய்யும். 'மயிர்' என்ற சொல்லைப் பாருங்கள். 'தலையின் இழிந்த மயிரனையர்' என்றும் 'மயிர்நீப்பின் வாழாக் கவரிமா' என்றும் வள்ளுவர் இரண்டு குறளில் (964, 969) கூசாமல் எழுதுகிறார். அவர் காலத்தில் அது சாதாரணச் சொல். இன்று 'முடி' என்கிறோம், 'கேசம்' என்கிறோம், 'ரோமம்' என்கிறோம். மயிர் என்று யாராவது குரலை உயர்த்தினால் சண்டை தொடங்கப் போகிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் அது தலைமுடியைக் குறிக்கவில்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் 'மயிரிழையில் உயிர் தப்பினார்' என்று செய்தி வாசிக்கிறவருக்கு எந்தச் சங்கடமும் இல்லை. எழுத்து அதே, உச்சரிப்பு அதே. பழக்கம் ஒரு வழியை அடைத்து இன்னொரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது.

ஒலியில் ஏதாவது இருக்கிறதா?

கொஞ்சம் இருக்கலாம். லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே கல்லூரியைச் சேர்ந்த ஷிரி லெவ்-ஆரியும் ரயன் மெக்கேயும் 2022 இல் வெளியிட்ட ஆய்வில் ஹீப்ரு, ஹிந்தி, ஹங்கேரியன், கொரியன், ரஷ்யன் என்று ஒன்றுக்கொன்று தொலைவான ஐந்து மொழிகளின் வசவுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். ய, ர, ல, வ போன்ற ஒலிகள் வசவுகளில் மற்றச் சொற்களைவிடக் குறைவாக இருந்தன. நம் இலக்கணம் இடையினம் என்று தனியாக வகுத்து வைத்திருக்கிறதே, கிட்டத்தட்ட அந்தக் கூட்டம்தான். இல்லாத சொற்களை உருவாக்கிக் காட்டி 'இதில் எது வசவாக இருக்கும்?' என்று கேட்டபோதும், இடையினம் உள்ள சொல்லை மக்கள் குறைவாகவே தேர்ந்தெடுத்தார்கள். பல்லைக் கடித்துத் திட்ட வல்லினம் வசதி என்று நாம் ஊகிப்பது முழுக்கப் பொய்யில்லை. ஆனால் இது ஒரு சாய்வு, அவ்வளவுதான். மேலே சொன்ன 'மயிர்' என்ற சொல்லில் இருக்கும் யகரமும் ரகரமும் இரண்டுமே இடையினம். அது பாட்டுக்கு நன்றாகவே சுடுகிறது.

ஒலி மட்டும் போதாது என்பதற்கு இன்னொரு சோதனை உண்டு. இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்டீபன்ஸ் என்ற உளவியலாளர் 2009 இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். மாணவர்கள் ஐஸ்கட்டி போல் குளிர்ந்த நீரில் கையை முக்கி வைத்திருக்க வேண்டும். கெட்ட வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னபடி வைத்திருந்தவர்கள், சாதாரணச் சொல்லைச் சொன்னபோது தாங்கியதைவிட அதிக நேரம் தாங்கினார்கள். 2020 இல் இதையே வேறு விதமாகச் செய்தார்கள். வசவு போலவே ஒலிக்கட்டும் என்று 'ஃபவுச்', 'ட்விஸ்பைப்' என இரண்டு புதுச் சொற்களைச் செய்து கொடுத்தார்கள். கேட்க வேடிக்கையாக இருந்தன. வலியைத் தாங்குவதில் ஒரு பலனும் இல்லை. நிஜமான பழைய வசவு மட்டும் வேலை செய்தது. யாரும் தடை செய்யாத சொல்லில் காரம் ஏறாது.

எதை அஞ்சுகிறோமோ அதைத் திட்டுகிறோம்

உலக மொழிகளின் வசவுகளை வரிசைப்படுத்தினால் திரும்பத் திரும்ப வருபவை சில கொத்துகள்தான்: தெய்வம், உடலுறவும் உறுப்புகளும், கழிவு, நோயும் சாவும், மிருகம், குடும்பத்துப் பெண்கள், பிறப்பு. எந்தக் கொத்து எங்கே மேலே இருக்கிறது என்பதுதான் மொழிக்கு மொழி மாறுகிறது.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பிரெஞ்சு பேசுகிறார்கள். அங்கே ஆகக் காரமான வசவுகள் தேவாலயத்துக்குள்ளிருந்து வருபவை. 'தபர்நாக்' என்றால் நற்கருணைப் பேழை. 'காலிஸ்' என்றால் திருப்பலிக் கிண்ணம். 'ஓஸ்தி' என்றால் பூசையில் தரும் அப்பம். கோபம் முற்றினால் இவற்றை ஒன்றோடொன்று கோத்து நீளமாகவே திட்டுவார்கள். இதே சொற்களை பாரிஸில் போய்ச் சொன்னால் கேட்பவருக்குக் கோபம் வராது. 'இவர் ஏன் பூசைச் சாமான்களை அடுக்குகிறார்?' என்று பார்ப்பார். பள்ளிக்கூடம், மருத்துவமனை, கல்யாணம், கருமாதி என்று வாழ்க்கை முழுவதும் கத்தோலிக்கத் திருச்சபையின் பிடியில் நெடுங்காலம் இருந்த இடம் கியூபெக். 1960 களில் அந்தப் பிடி தளர்ந்தது, கோயிலுக்குப் போகிறவர்கள் குறைந்தார்கள். வசவுகள் மட்டும் குறையவில்லை. பயம் போன பிறகும் பயத்தின் சொல் பல தலைமுறை தாங்கும் என்பதை இதில் கவனிக்க வேண்டும். ஒரு மொழியின் வசவுகளை வைத்து அதைப் பேசுகிறவர்கள் இன்று எதற்கு அஞ்சுகிறார்கள் என்று நேரடியாகக் கணக்குப் போட்டால் தப்பாகிவிடும். அவர்களுடைய தாத்தா பாட்டி எதற்கு அஞ்சினார்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

ஆங்கிலமும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1606 இல் இங்கிலாந்து ஒரு சட்டம் கொண்டுவந்தது. நாடக மேடையில் கடவுள், கிறிஸ்து ஆகிய பெயர்களை விளையாட்டாகவோ அவமதிப்பாகவோ உச்சரித்தால் 10 பவுண்டு அபராதம். அந்தக் காலத்துக்கு அது பெருந்தொகை. 'கடவுளின் காயங்கள் மேல் ஆணை' என்ற சபதத்தைச் சுருக்கி, முகம் தெரியாதபடி திரித்து 'ஜவுண்ட்ஸ்' என்று சொல்லும் வழக்கம் அதற்கு முன்பே இருந்தது. இதற்கு நேர்மாறான செய்தி: இன்று ஆங்கிலத்தில் ஆகக் கடுமையானதாக மதிக்கப்படும், பெண்ணுறுப்பைக் குறிக்கும் சொல், 13 ஆம் நூற்றாண்டில் லண்டன், ஆக்ஸ்ஃபோர்டு போன்ற ஊர்களில் சர்வசாதாரணமாகத் தெருப் பெயருக்குள் இருந்தது. பாலியல் தொழில் நடந்த தெருக்கள் அவை. ஆவணத்தில் எழுதியவருக்குக் கை நடுங்கியதாகத் தெரியவில்லை. பிறகு சாமியின் பெயரில் இருந்த நடுக்கம் மெல்ல உடம்புக்கு இடம் மாறியது, தெருப் பெயர்களும் மாற்றப்பட்டன.

டச்சுக்காரர்கள் நோயை வைத்துத் திட்டுவார்கள். டைஃபஸ், காசநோய், காலரா, புற்றுநோய் எல்லாமே அங்கே வசவு. இதில் புற்றுநோய்தான் காதைக் கூச வைப்பது. மற்ற நோய்களை இன்று அங்கே பலர் பார்த்ததுகூட இல்லை; புற்றுநோய் வந்த ஒருவரை அறியாத குடும்பம் அரிது. நம்மிடமும் 'எழவு', 'பாடையில போறவனே' என்று சாவை இழுக்கும் திட்டுகள் உண்டு. அவை வசவு என்பதைவிடச் சாபத்துக்கு நெருக்கமானவை. வயதானவர்கள் வாயிலிருந்து வரும்போது அவற்றில் பாதி செல்லமாகவும் ஆகிவிடும்.

மிருகங்களைப் பற்றி பிரிட்டிஷ் மானுடவியலாளர் எட்மண்ட் லீச் 1964 இல் ஒரு நல்ல கேள்வி கேட்டார். பன்றி என்று திட்டுகிறோம், நாய் மகன் என்று திட்டுகிறோம்; பனிக்கரடி என்று யாரும் ஏன் திட்டுவதில்லை? காட்டில் எட்ட இருக்கும் மிருகம் வசவாவதில்லை, சிங்கம் புலி என்றால் அது பாராட்டு. நம் காலடியில், நம் எச்சிலைத் தின்று, வீட்டுக்கு உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல் அலைகிற நாய், பன்றி, கழுதைதான் வசவாகின்றன. மனிதனுக்குப் பக்கத்தில் இருந்தும் மனிதன் இல்லாததோடு ஒப்பிட்டால்தான் உறைக்கிறது. லீச் சொன்ன எல்லாவற்றையும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கேள்வி பிடித்த பிறகு எந்த மிருக வசவைக் கேட்டாலும் அது நினைவுக்கு வரும்.

யாரை இழுக்கிறது?

காலில் கல் இடித்தால் வாயில் ஒரு சொல் வருகிறது. அது யாரையும் நோக்கி வரவில்லை. அதே சொல்லை ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொன்னால் எடை பல மடங்கு கூடிவிடுகிறது. கேட்பவரைத் திட்டாமல் அவருடைய தாயையோ சகோதரியையோ இழுத்தால் இன்னும் கூடுகிறது. 'என்னை என்ன வேணும்னாலும் சொல்லு, எங்கம்மாவ இழுக்காத' என்ற வாக்கியம் சண்டைகளில் வரும் இடத்தைக் கவனித்திருப்பீர்கள். அதுவரை வாய்ச்சண்டை, அதற்குப் பிறகு கை நீளும்.

சீனம், ஸ்பானிஷ், அரபு, ரஷ்யன், துருக்கி என்று எத்தனையோ மொழிகளில் உச்சக்கட்ட வசவு தாயைச் சுற்றியே இருக்கிறது. ரஷ்ய மொழியில் கெட்ட வார்த்தைகள் எல்லாம் சேர்ந்து 'மாத்' எனப்படும். விரல்விட்டு எண்ணக்கூடிய சில வேர்களிலிருந்து நூற்றுக்கணக்கான சொற்களைக் கிளைக்க வைத்திருக்கிறார்கள். 2014 ஜூலை முதல் திரைப்படத்திலும் நாடகத்திலும் அவற்றைப் பயன்படுத்தத் தடை உண்டு. இரண்டு ஆண்கள் போடும் சண்டையில், அங்கே இல்லவே இல்லாத ஒரு பெண் எதற்கு வருகிறாள்? ஆணின் மானம் அவன் வீட்டுப் பெண்ணின் உடம்பில் வைக்கப்பட்டிருக்கிறது என்ற கணக்கில்தான் வருகிறாள். அடி அவளுக்கு, வலி அவனுக்கு என்பது ஏற்பாடு. பல பேரோடு உறவு வைத்திருக்கும் பெண்ணைக் குறிக்கப் பல மொழிகளில் சுடுகிற சொற்கள் குவிந்து கிடக்கின்றன. அதே ஆணைக் குறிக்க வரும் சொல்லில் பாதி பெருமை ஒட்டிக்கொண்டிருக்கும்.

தமிழில் பெண்ணை நோக்கி வீசப்படும் மிக மோசமான வசவுகளில் ஒன்றின் மூலம் 'தேவரடியார்'. கோயில் கல்வெட்டுகளில் அது கௌரவமான பெயர். நிலம் வைத்திருந்தவர்கள், கோயிலுக்குத் தானம் கொடுத்தவர்கள் அந்தப் பெயரோடு இருக்கிறார்கள். அந்தப் பெண்களின் நிலை சரிந்தபோது சொல்லும் சரிந்தது. சொல் தானாகக் கெட்டுப்போவதில்லை. அது குறித்த ஆட்களைச் சமூகம் எங்கே தள்ளியதோ அங்கே அதுவும் போய் விழுகிறது.

மூளைக்குள் எங்கே இருக்கிறது?

பிரெஞ்சுக் கவிஞர் சார்ல் போதலேர் 1866 இல் பக்கவாதத்தில் விழுந்து பேச்சை இழந்தார். வாழ்நாள் முழுக்கச் சொல்லைச் செதுக்கியவருக்கு மிஞ்சியது ஒரே ஒரு வசவு. 'க்ரே நோம்'. 'புனிதத் திருநாமம்' என்பதன் சிதைந்த வடிவம். மகிழ்ச்சி, கோபம், ஆமாம், இல்லை எல்லாவற்றுக்கும் அதையே சொன்னார். அவரைப் பார்த்துக்கொண்ட கன்னியாஸ்திரீகள் மிரண்டுபோனார்கள்.

இது அவருக்கு மட்டும் நடந்ததில்லை. இடப்பக்க மூளை அடிபட்டு வாக்கியம் அமைக்க முடியாமல் போனவர்களில் சிலருக்கு வசவும், எண்ணிக்கை வரிசையும், பழகிய பிரார்த்தனையும் மட்டும் சரளமாக வரும். யோசித்துக் கோக்கிற பேச்சு ஒரு பாதையில் நடக்கிறது, கோபத்தில் தெறிக்கிற பேச்சு உணர்ச்சியோடும் பழக்கத்தோடும் பின்னிய வேறு பாதையில் நடக்கிறது என்று மருத்துவர்கள் வெகுகாலமாகவே சொல்லிவருகிறார்கள். வசவைக் கேட்டால் பொருள் புரிவதற்கு முன்பே உடம்பு விறைப்பதற்கும் இதில் விடை இருக்கிறது.

அந்த விறைப்பை அளக்கவும் முடியும். உணர்ச்சி எழும்போது உள்ளங்கையும் விரலும் லேசாக வியர்க்கும். தோலில் மின்சாரம் பாயும் அளவு மாறும். துருக்கியைத் தாய்மொழியாகக் கொண்டு பின்னால் ஆங்கிலம் கற்றவர்களை வைத்து கேத்தரின் ஹாரிஸ் குழுவினர் 2003 இல் இப்படி அளந்தார்கள். கெட்ட வார்த்தைகளுக்கு இரண்டு மொழியிலும் வியர்த்தது, தாய்மொழியில் கூடுதலாக வியர்த்தது. சிறு வயதில் கேட்ட அதட்டல்கள், 'வெட்கமாயில்ல உனக்கு?' என்கிற மாதிரி வாக்கியங்கள், தாய்மொழியில் பெரிய அதிர்வைத் தந்தன. அதே அதட்டல் ஆங்கிலத்தில் வந்தபோது அது இல்லை.

இதைச் சோதிக்க ஆய்வகம்கூட வேண்டாம். அப்பா எதிரில் உட்கார்ந்திருக்கும்போது கைபேசி கீழே விழுந்தால் 'ஷிட்' என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்காருகிற தமிழர்கள் ஏராளம். அதே பொருளுள்ள தமிழ்ச் சொல்லை அதே இடத்தில், அதே குரலில் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். நாக்கு எழாது. ஆங்கிலச் சொல்லைப் பாடத்திலோ படத்திலோ கற்றுக்கொண்டோம். தமிழ்ச் சொல்லை முதன்முதலாகச் சொன்ன அன்று யாரோ வாயிலேயே போட்டார்கள், அல்லது வீடே சட்டென்று அமைதியானது. சொல்லோடு சேர்ந்து அந்த அடியும் பதிந்துவிட்டது. மொழிபெயர்ப்பில் வசவு நீர்த்துப்போவதற்குக் காரணம் இதுதான். பொருளைப் பெயர்க்கலாம், வாங்கிய அடியைப் பெயர்க்க முடியாது.

மறைப்புச் சொற்கள் ஏன் பயன்படுகின்றன என்பதும் இதே முறையில் தெரியவந்தது. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் 2011 இல் நடந்த ஆய்வில், முழு வசவை வாய்விட்டுச் சொன்னபோது தோலில் எழுந்த அதிர்வு 'எஃப் வேர்டு' என்று சொன்னபோது குறைந்தது. எதைச் சொல்கிறோம் என்பது சொன்னவருக்கு நன்றாகவே தெரியும், இருந்தும் குறைந்தது. ஈகார பகரம் வெறும் மரியாதைக்காக வந்ததில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

யார், யாரிடம், எப்போது

நெருங்கிய நண்பர்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடும் சொற்களை எழுத்தில் பார்த்தால் கொலை வழக்கு என்று நினைப்போம். வெளியாள் ஒருவர் அதில் ஒன்றைச் சொன்னால் இருவரும் சேர்ந்து அவரை அடிப்பார்கள். 'நான் இப்படிச் சொன்னாலும் நீ கோபப்பட மாட்டாய்' என்று காட்டுவதுதான் நட்பு வசவின் வேலை. அதற்கு அந்தச் சொல் கெட்டதாக இருந்தே ஆக வேண்டும்.

கெட்ட வார்த்தையே இல்லாமலும் மானத்தை வாங்கலாம். ஜப்பானிய மொழியில் எதிராளியை எந்த 'நீ' போட்டு அழைக்கிறோம் என்பதிலேயே பெரிய அவமானம் அடங்கிவிடும். நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. வயதில் மூத்தவரை 'நீங்க'விலிருந்து 'நீ'க்கு இறக்குவது, ஒரு 'டா' சேர்ப்பது, 'அவர் வந்தார்' என்று வர வேண்டிய இடத்தில் 'அவன் வந்தான்' என்பது எல்லாம் அகராதியில் கெட்ட வார்த்தையாக இராது. நீதிமன்றம் வரை போன சண்டைகள் அந்த ஒரு எழுத்தில் தொடங்கியிருக்கின்றன.

அமெரிக்காவில் ஒரு வழக்கே இந்தச் சந்தர்ப்பத்தை வைத்து நடந்தது. ஒலிபரப்பில் சொல்லவே கூடாத ஏழு சொற்களை அடுக்கிக் கிண்டல் செய்யும் ஜார்ஜ் கார்லினின் நகைச்சுவைப் பேச்சை நியூயார்க் வானொலி நிலையம் ஒன்று 1973 இல் பகல் 2 மணி வாக்கில் ஒலிபரப்பியது. மகனோடு காரில் போய்க்கொண்டிருந்தபோது கேட்டதாக ஒருவர் புகார் கொடுத்தார். 1978 இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில், ஒலிபரப்பைக் கண்காணிக்கும் அரசு ஒழுங்காணையத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நேரமும், பிள்ளைகள் காதில் விழும் வாய்ப்பும்தான் தீர்ப்பில் எடை பெற்றன. இப்போதும் அங்கே இரவு 10 முதல் காலை 6 வரை வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் தளர்வு உண்டு. அதே ஏழு சொற்கள், கேட்கிற அவை மட்டும் வேறு.

தேய்வதும் புதிதாக முளைப்பதும்

1914 ஏப்ரலில் லண்டனில் பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' மேடையேறியபோது கதாநாயகி 'ப்ளடி' என்ற சொல்லை உச்சரித்தார். அரங்கில் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது, பத்திரிகைகள் அதையே பேசின. அந்தச் சொல்லைச் சொல்லக் கூசியவர்கள் அதன் இடத்தில் 'பிக்மேலியன்' என்று போட்டுப் பேசிய கூத்தும் நடந்தது. இன்று அது பிரிட்டனில் எரிச்சலுக்கு வரும் ஒரு சாதாரணச் சொல். சொல்லச் சொல்லக் காரம் குறையும் என்பது தனிமனிதருக்கும் பொருந்தும். ஸ்டீபன்ஸின் குளிர்நீர்ச் சோதனையை 2011 இல் மீண்டும் செய்தபோது, நாள் முழுக்க வாய் கூசாமல் திட்டுகிறவர்களுக்கு வலி குறைக்கும் பலன் குறைவாகவே கிடைத்தது.

எல்லாச் சொல்லும் இப்படித் தேய்வதில்லை. இனம், சாதி, நிறம், உடற்குறை, பாலினம் இவற்றை வைத்து ஒரு கூட்டத்தையே கீழே தள்ளும் சொற்கள் சமீப தலைமுறைகளில் மேலே ஏறிக்கொண்டே போகின்றன. அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. மற்ற வசவு அந்த நிமிடத்து ஆத்திரம். இது சொல்லப்படும்போது பின்னால் ஒரு வரலாறே வந்து நிற்கிறது: கிணற்றில் தண்ணீர் எடுக்கக் கூடாது என்றவர்கள், பஸ்ஸில் பின்னால் போய் உட்கார் என்றவர்கள் எல்லோரும் அந்த ஒரு சொல்லில் திரும்பப் பேசுகிறார்கள். கேட்பவர் அந்தச் சொல்லைத் தன் பாட்டன் காதிலும் விழுந்த சொல்லாகக் கேட்கிறார். சட்டங்களும் இந்த வேறுபாட்டை ஏற்றிருக்கின்றன. இந்தியாவின் 1989 ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015 இல் வந்த திருத்தம், பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ பொதுப் பார்வை படும் இடத்தில் சாதிப் பெயர் சொல்லி ஏசுவதைத் தனிக் குற்றமாகவே எழுதி வைத்தது. அந்தப் பெயர்களில் பல, அரசு ஆவணத்தில் வெறும் பெயர்தான். ஏசும் வாயில்தான் அது வசவு.

மேற்கோளாகச் சொன்னால்கூடச் சுடுவது இந்தச் சொற்களின் இன்னொரு குணம். சாதாரண வசவைப் பற்றிப் பேச அதை எழுதிக் காட்டலாம், கூச்சம் பாதியாகிவிடும். இழிவுப் பெயர்களில் அப்படி ஆவதில்லை. அதனால்தான் மேலே பீயையும் மயிரையும் தயங்காமல் எழுதினேன், சாதியை வைத்து வரும் வசவு ஒன்றைக்கூட எழுதவில்லை. புரிந்துகொள்ள அது தேவைப்படவும் இல்லை.

தாக்கப்பட்டவர்களே சொல்லைப் பிடுங்கித் தங்களுக்கு வைத்துக்கொள்வதும் உண்டு. ஆங்கிலத்தில் 'க்வியர்' தன்பாலின ஈர்ப்புள்ளவர்களை இழிவுபடுத்தும் சொல்லாக இருந்தது. 1990 களில் அவர்களே அதை இயக்கப் பெயராக்கி, இன்று பல்கலைக்கழகங்களில் படிப்புக்கே அந்தப் பெயர் இருக்கிறது. ஆசிய அமெரிக்கர்கள் அடங்கிய 'தி ஸ்லான்ட்ஸ்' என்ற இசைக்குழு, தங்களைக் கேலி செய்யும் சொல்லையே பெயராக வைத்து வணிகமுத்திரை கேட்டது. அரசு மறுத்தது. 2017 இல் உச்ச நீதிமன்றம் குழுவின் பக்கம் நின்றது. ஆனால் பிடுங்கிய சொல் எல்லோருக்கும் பொதுவாகிவிடுவதில்லை. உள்ளே இருப்பவர் சொல்வதற்கும் வெளியாள் சொல்வதற்கும் வேறுபாடு அப்படியே நிற்கும்.

எதிர்த்திசைக்கும் பஞ்சமில்லை. மருத்துவம் செய்து கொடுத்த சுத்தமான சொற்கள் வசவாகிவிடுகின்றன. 'மோரன்' என்பது 1910 இல் ஹென்றி காடர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் அறிவு வளர்ச்சிக் குறையின் ஒரு படிநிலைக்கு வைத்த கலைச்சொல். 'இடியட்', 'இம்பெசைல்' ஆகியவையும் அப்போது மருத்துவ வகைப்பாடுகள்தான். பள்ளிப் பிள்ளைகள் கையில் கிடைத்ததும் மூன்றும் திட்டாயின. அவற்றுக்குப் பதிலாக வந்த 'ரிடார்டேஷன்' அதே வழியில் போனது. அமெரிக்க அரசு 2010 இல் ரோசா சட்டம் என்று ஒன்றை இயற்றிப் பல மத்தியச் சட்டங்களிலிருந்து அந்தச் சொல்லை எடுத்துவிட்டு 'அறிவுசார் குறைபாடு' என்ற பொருள்படும் வேறு சொல்லை வைத்தது. குறிக்கப்படுகிறவர்களைப் பற்றிய பார்வை மாறாதவரை புதுச் சொல்லும் ஒரு தலைமுறைதான் தாங்கும் என்று மொழியியலாளர்கள் சலித்துக்கொள்கிறார்கள்.

பிரிட்டனின் ஒளிபரப்பு ஒழுங்காணையமான ஆஃப்காம், எந்தச் சொல் எவ்வளவு புண்படுத்துகிறது என்று பொதுமக்களிடம் கேட்டு லேசானது, நடுத்தரம், கடுமை என்று தரம் பிரித்து வைத்திருக்கிறது. 2016 இல் கேட்டார்கள், 2021 இல் மறுபடியும் கேட்டார்கள். உடலையும் உறவையும் வைத்து வரும் பழைய வசவுகளில் மக்கள் தளர்ந்திருந்தார்கள். இனத்தையும் உடற்குறையையும் வைத்து வருபவற்றில் முன்னைவிடக் கறாராக இருந்தார்கள்.